நடுக்களத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள்: இத்தாலியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் சீரி ஏ கழகங்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஜூலை 2025

இத்தாலியக் கால்பந்துக் கூட்டமைப்பின் பொறுப்பாளர்களுக்கும், நாட்டின் முதல்நிலை லீக்கான சீரி ஏ-யின் இருபது கழகங்களை நடத்துகிறவர்களுக்கும் வணக்கம்.

உங்கள் ஆட்டங்கள் எங்கள் ஊரில் நள்ளிரவு தாண்டித்தான் தொடங்கும். மிலானில் இரவு எட்டே முக்காலுக்கு விசில் ஊதினால் இங்கே கோடையில் பன்னிரண்டே கால், குளிர்காலத்தில் ஒன்றே கால். வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு டிவியின் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு எத்தனையோ வருடங்களாக உங்கள் லீக்கைப் பார்த்து வருகிறேன். உங்களிடம் இதைச் சொல்ல எனக்கு இருக்கும் உரிமை அவ்வளவுதான். ஆனால் அது எனக்குப் பெரிய உரிமையாகத்தான் தெரிகிறது.

மே 31 அன்று மியூனிக்கில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தையும் அப்படித்தான் பார்த்தேன். பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்ன் 5, மிலான் நகரின் இன்டர் 0. அந்தக் கோப்பையின் எந்த இறுதி ஆட்டத்திலும் இத்தனை கோல் வித்தியாசத்தில் ஓர் அணி தோற்றதில்லை. தோல்வியைக்கூடத் தாங்கிக்கொண்டேன். வயது வித்தியாசத்தைத்தான் தாங்க முடியவில்லை. இரண்டு கோல் அடித்த தெசிரே துவேக்கு 19 வயது. ஐந்தாவது கோலை அடித்த மயுலுவுக்கும் 19. நடுக்களத்தில் பந்தைத் துரத்தித் துரத்திப் பறித்த ஜோவாவ் நெவெஸுக்கு 20. எதிரே நின்ற இன்டரில் அச்செர்பிக்கு 37, சோமருக்கு 36, நடுக்களத்தில் ஓடிக்கொண்டிருந்த மிக்கிதாரியானுக்கு 36. அவர்கள் மேல் எனக்கு மரியாதை மட்டும்தான் உண்டு. பார்சிலோனாவை 7-6 என்ற மொத்தக் கணக்கில் வீழ்த்தி அந்த மேடைக்கு இன்டரைக் கொண்டுவந்தவர்களே அவர்கள்தாம். கேள்வி அவர்களிடம் இல்லை, உங்களிடம்.

ஆறு நாள் கழித்து ஓஸ்லோவில் நார்வேயிடம் உங்கள் தேசிய அணி 0-3 எனத் தோற்றது. மூன்று கோலும் முதல் பாதியிலேயே. 2018, 2022 என இரண்டு உலகக் கோப்பைகளுக்குப் போகாத ஒரு நாடு, மூன்றாவதற்கான தகுதிச் சுற்றை இப்படித் தொடங்கியிருக்கிறது. ஸ்பல்லெத்தி போனார், கத்தூசோ வந்திருக்கிறார். பயிற்சியாளரை மாற்றுவதால் தீரும் நோய் இது என்று நீங்களே நம்ப மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

நண்பர்களோடு பேசும்போது எங்களுக்குள் எப்போதும் ஒரு சண்டை வரும். இத்தாலிய லீக் இப்போது வலுவானதா, இல்லையா? வலுவானது என்று வாதாடுவது எப்போதும் நான்தான். ஆதாரத்துக்கும் குறைவில்லை. கடந்த ஆறு சீசன்களில் யுவென்டஸ், இன்டர், மிலான், நாப்போலி என நான்கு அணிகள் பட்டம் வென்றிருக்கின்றன. 2023-இல் ஐரோப்பாவின் மூன்று இறுதி ஆட்டங்களிலும் ஒவ்வோர் இத்தாலிய அணி நின்றது. மூன்றிலும் தோற்றன, ஆனாலும் நின்றன. 2024-இல் அடலாண்டா, 51 ஆட்டங்களாகத் தோல்வியே காணாத லெவர்குசனை டப்ளினில் 3-0 என வீழ்த்தி யூரோப்பா லீக்கை எடுத்தது. அந்த சீசனின் ஐரோப்பியத் தரவரிசையில் இத்தாலி முதலிடம் பிடித்ததால்தான் சாம்பியன்ஸ் லீக்கில் ஐந்தாவது இடம் கிடைத்து பொலோனியா அங்கே போக முடிந்தது. அதே பொலோனியா இந்த மே மாதம் மிலானை வீழ்த்தி இத்தாலியக் கோப்பையை வென்றது, 1974-க்குப் பிறகு முதல்முறையாக. சீரி ஏ பட்டம் கடைசி நாளில் ஒரே புள்ளியில் தீர்மானமானது: நாப்போலி 82, இன்டர் 81. இன்டர் 79 கோல் அடித்தது, நாப்போலி 59-தான். ஆனால் நாப்போலி வாங்கிய கோல் 27 மட்டுமே. ஒரு கோலைக் காப்பது ஒரு கோல் அடிப்பதற்குச் சமம் என்ற பழைய இத்தாலியப் பாடம் இன்னும் செல்லுபடியாகிறது என்பதில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

அதனால் லீக் பலவீனமானது என்று யாராவது சொன்னால் இன்னும் சண்டைக்குத்தான் போவேன். ஆனால் இந்த வருடம் அந்தச் சண்டையில் ஒரு நண்பன் கேட்ட கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "சாம்பியன் நாப்போலியின் நடுக்களத்தில் இத்தாலியன் யாருடா?" என்று கேட்டான். லோபோட்கா ஸ்லோவாக்கியர். அங்கீஸா கேமரூன்காரர். மெக்டாமினே ஸ்காட்லாந்து. லோபோட்காவுக்கு மாற்றாக இறங்கும் கில்மோரும் ஸ்காட்லாந்து. யோசித்துப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளிநாட்டு வீரர்களைக் கழிக்கச் சொல்லும் மடல் இல்லை இது. மெக்டாமினே வந்த முதல் சீசனிலேயே லீக்கின் சிறந்த வீரரானார், நாப்போலி மக்கள் அவரைத் தலையில் தூக்கிக் கொண்டாடுகிறார்கள், கொண்டாடட்டும். கோமோவில் நீக்கோ பாஸ் என்ற 20 வயது அர்ஜென்டினப் பையன் இடது காலால் செய்ததைப் பார்க்க மட்டுமே சில இரவுகள் நான் விழித்திருந்தேன். அவனைப் பார்க்கும்போது எனக்கு வரும் ஏக்கம் ஒன்றே ஒன்றுதான். மாட்ரிடிலிருந்து வந்த ஒரு பையனுக்கு வாராவாரம் பந்தைக் கொடுத்து, தவறு செய்தாலும் மறுவாரம் மீண்டும் இறக்கிவிடுகிற அந்தப் பொறுமையை, ரவென்னாவிலும் ரோமிலும் பிறந்த பையன்களுக்கும் ஏன் காட்டக் கூடாது?

உங்கள் மொழியில் 'ரெஜிஸ்தா' என்று ஒரு சொல் இருக்கிறது. திரைப்பட இயக்குநரையும் அப்படித்தான் அழைக்கிறீர்கள், தற்காப்புக்கு முன்னால் நின்று ஆட்டம் முழுவதையும் நடத்தும் நடுக்கள வீரரையும் அப்படித்தான் அழைக்கிறீர்கள். ஓடுகிறவன், உதைக்கிறவன் எல்லா நாட்டிலும் இருக்கிறான். ஆட்டத்தை இயக்குகிறவனுக்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரை உலகம் முழுக்கச் சொல்ல வைத்தவர்கள் நீங்கள். அந்த இயக்குநர் எப்படி உருவாகிறான் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் ஒருமுறை நினைவூட்டுகிறேன்.

ப்ரெஷியா பக்கத்துப் பையன் ஆந்த்ரேயா பிர்லோ, 1995-இல் 16 வயதில் ப்ரெஷியாவுக்காக சீரி ஏ-யில் இறங்கினான். 1998-இல் இன்டர் வாங்கியது. வாங்கிவிட்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. ரெஜினாவுக்குக் கடனாக, அதாவது தற்காலிகமாக ஆடப் போனான், திரும்பி வந்தான், 2001 தொடக்கத்தில் மீண்டும் கடனாகப் பழைய ப்ரெஷியாவுக்கே போனான். அங்கே பத்தாம் எண்ணின் இடத்தில் ராபர்ட்டோ பாஜியோ இருந்தார். பாஜியோவை நகர்த்த யாராலும் முடியாது. பயிற்சியாளர் கார்லோ மட்ஸோனே பையனை பெஞ்சில் உட்கார வைத்திருக்கலாம். உட்கார வைக்கவில்லை. பின்னால் இழுத்துத் தற்காப்புக்கு முன்னால் நிறுத்தினார். ஏப்ரல் 1, 2001, டியூரினில் யுவென்டஸுக்கு எதிராக ப்ரெஷியா பின்தங்கி நிற்கிறது. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள். பிர்லோ தன் பாதியின் பக்கத்திலிருந்து ஒரு நீண்ட பாஸ் அனுப்புகிறான். பாஜியோ ஓடிக்கொண்டே பந்தைக் காலில் வாங்கி, அதே தொடுகையில் கோல்கீப்பர் வான் டெர் சாரைக் கடந்து கோல் போடுகிறார். அந்தக் கோலை எல்லோரும் பாஜியோவுக்காகப் பார்க்கிறார்கள். நான் அந்த பாஸுக்காக எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. அந்த வருடமே இன்டர் அவனை மிலானுக்கு விற்றது. 2006-இல் பெர்லினில் உலகக் கோப்பையைத் தூக்கிய இத்தாலியின் ஆட்டத்தை இயக்கியவன் அவன்தான்.

பெரிய கழகங்கள் அன்றும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அன்று பையன்களைக் காப்பாற்ற ஒரு ப்ரெஷியா இருந்தது, ஒரு மட்ஸோனே இருந்தார். மட்ஸோனே 2023 ஆகஸ்டில் காலமானார். ப்ரெஷியா போன மாதம் போய்விட்டது. 1911-இல் தொடங்கிய கழகம், 17 வயதில் நடுக்கள வீரன் தொனாலியைக் களத்தில் இறக்கிய கழகம், இந்த ஜூனில் பணம் கட்ட முடியாமல் மூன்றாம் நிலை லீக்கான சீரி சி-யிலிருந்தே வெளியேற்றப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்தபோது நெருங்கிய ஒருவரின் வீட்டில் சாவு விழுந்தது போலிருந்தது எனக்கு. உங்கள் கூட்டங்களில் அதற்காக எத்தனை நிமிடம் செலவிட்டீர்கள்?

இன்னொரு பெயரையும் நீங்கள் மறந்திருக்க முடியாது. மார்க்கோ வெராட்டி. பெஸ்காரா அணியில் பயிற்சியாளர் ஸெமான், பையனை முன்வரிசையிலிருந்து பின்னுக்கு இழுத்து ரெஜிஸ்தா ஆக்கினார். 2012-இல் பெஸ்காரா இரண்டாம் நிலை லீக்கான சீரி பி பட்டம் வென்றது. வெராட்டிக்கு 19 வயது. உங்கள் பெரிய கழகங்கள் தயங்கிக்கொண்டிருந்தபோது பாரிஸ் வந்து கூட்டிப்போனது. சீரி ஏ-யில் ஒரே ஒரு நிமிடம்கூட ஆடாமல் போன அந்தப் பையன் பாரிஸில் 11 வருடம் ஆடினான், 2021-இல் வெம்ப்லியில் உங்களுக்கு ஐரோப்பியக் கோப்பை வாங்கிக் கொடுத்த நடுக்களத்தில் நின்றான். மியூனிக்கில் இன்டரை அடித்த அதே பாரிஸ்தான். அந்த இரவு பாரிஸின் கோல் கம்பங்களுக்கு இடையில் நின்றவரும் இத்தாலியர்தானே. 2015-இல் 16 வயது தொன்னரும்மாவை மிலானின் பயிற்சியாளர் மிஹாய்லோவிச் துணிந்து இறக்கியதால் உருவானவர். துணிந்த ஒவ்வொரு முறையும் உங்களுக்குப் பலன் கிடைத்திருக்கிறது. பிறகும் ஏன் இந்தப் பயம்?

இன்றைய பையன்களுக்கு வருகிறேன். திறமை வற்றிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2023 கோடையில் 19 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியப் பட்டத்தை மால்டாவில் வென்றீர்கள். அதே வருடம் 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போனீர்கள். 2024-இல் 17 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியப் பட்டம், இறுதி ஆட்டத்தில் போர்ச்சுகலை 3-0. இரண்டே வருடத்தில் மூன்று வயதுப் பிரிவுகளில் இப்படி நின்ற நாட்டில் விதைக்குப் பஞ்சமில்லை. நாற்றைப் பிடுங்கி நடுகிற இடத்தில்தான் ஏதோ தவறு நடக்கிறது.

அந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் சிறந்த வீரருக்கான தங்கப் பந்தும், அதிக கோலுக்கான தங்கக் காலணியும் ஒரே ஆளுக்குக் கிடைத்தன. செசாரே கசதேய், ரவென்னாவில் பிறந்த நடுக்கள வீரன், ஏழு கோல். வேறு எந்த நாடாக இருந்தாலும் அடுத்த வாரமே அவன் ஒரு முதல்தர அணியில் நின்றிருப்பான். ஆனால் உலகக் கோப்பைக்கு முன்பே, 2022-இல், இன்டர் அவனை செல்சிக்கு விற்றிருந்தது, முதல் அணியில் ஒருமுறைகூட ஆட விடாமல். ரெடிங், லெஸ்டர் என்று இங்கிலாந்தின் இரண்டாம் நிலையில் அலைந்துவிட்டு, 2025 பிப்ரவரியில் டொரினோவுக்கு வந்த பிறகுதான் சீரி ஏ-யில் அவன் கால் பட்டது. அப்போது அவனுக்கு 22 வயது. தங்கப் பந்தை வாங்கி ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

செர் ந்தூர் ப்ரெஷியாவில் பிறந்து அடலாண்டாவில் வளர்ந்தவன். பென்ஃபிகா, பாரிஸ், கடனுக்குப் போர்ச்சுகல், கடனுக்குத் துருக்கி என்று சுற்றிவிட்டு இந்த வருடம்தான் ஃபியோரென்டினா வழியாக வீடு திரும்பினான். ஒரு நடுக்கள வீரனுக்கு மிக அவசியமானது, பக்கத்தில் ஆடுகிறவன் எப்போது திரும்புவான் என்று பார்க்காமலே தெரிந்துகொள்வது. ஆறு மாதத்துக்கு ஓர் ஊர் மாறுகிறவனுக்கு அது எங்கிருந்து வரும்?

எதிர்ப்பக்கத்தில் நிக்கோலோ பிசில்லியைப் பாருங்கள். ரோமில் பிறந்து ரோமாவில் வளர்ந்தவன், மால்டாவில் பட்டம் வென்ற அணியில் இருந்தவன். ஒரே சீசனில் மூன்று பயிற்சியாளர்களைப் பார்த்த குழப்பமான ரோமாவிலும் அவனுக்குக் கொஞ்சம் நிமிடங்கள் கிடைத்தன. வெனேசியாவுக்கு எதிராகத் தலையால் முட்டி வெற்றி கோலைப் போட்டுவிட்டு அவன் ஓடிய ஓட்டத்தில் அந்த ஊரே ஓடியது. சில வாரங்களில் தேசிய அணியிலும் இறங்கிவிட்டான். என் கணிப்பைக் கேட்டால், பெட்டிக்குள் தாமதமாக நுழைந்து கோல் தேடும் உணர்வில் இன்றைய இளையவர்களில் அவனுக்குத்தான் முதலிடம். பந்தை அழுத்தத்தில் வாங்கித் திரும்புவதில் சமுவேலே ரிச்சி. இம்மாதம் மிலானுக்குப் போயிருக்கிறான். அங்கே அவனை பெஞ்சில் உட்கார வைத்தால் அது பெரிய பாவம். நேர்க்கோட்டில் பந்தோடு ஓடி இரண்டு பேரைக் கழற்றிவிடுவதில் யாக்கொப்போ ஃபட்ஸினி. மூவரையும் ஒரே நடுக்களத்தில் பார்க்க எனக்கு ஆசை. நண்பன் ஒத்துக்கொள்ள மாட்டான், அவனுக்கு பொலோனியாவின் ஃபாபியன்தான். சண்டை தொடர்கிறது.

ரிச்சியும் ஃபட்ஸினியும் எங்கே வளர்ந்தார்கள் என்று கவனித்தீர்களா? எம்போலியில். பால்தான்ஸி, அஸ்லானி இருவரும் அங்கேதான். ஸியெலின்ஸ்கி, பரேதெஸ், பென்னாசெர் மூவரும் இளம் வயதில் அங்கே வந்து மெருகேறிப் போனவர்கள். ஐம்பதாயிரம் பேர்கூட இல்லாத ஒரு டஸ்கனி ஊர், உங்கள் பெரிய நகரங்கள் எல்லாம் சேர்ந்து கொடுத்ததைவிட அதிகமாக நடுக்களத்துக்குக் கொடுத்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இந்த பிப்ரவரியில் இத்தாலியக் கோப்பையில் யுவென்டஸைப் பெனால்டியில் வீழ்த்தியது. மே மாதம் கடைசி நாளில் வெரோனாவிடம் தோற்று சீரி பி-க்கு இறங்கியது.

அந்த யுவென்டஸைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2018-இல் கழகங்களின் இளையோர் ஆடும் இரண்டாம் அணிகளை சீரி சி-யில் ஆட நீங்கள் அனுமதித்தபோது முதலில் துணிந்தது அவர்கள்தான். அதற்காக அவர்களுக்கு நன்றி. அந்த அணியிலிருந்து ஃபஜோலி வந்தான், மிரெத்தி வந்தான், பர்ரெனெச்செயா வந்தான். பிறகு? ஃபஜோலி ஃபியோரென்டினாவுக்கு, மிரெத்தி ஜெனோவாவுக்குக் கடனாக, பர்ரெனெச்செயா ஆஸ்டன் வில்லாவுக்கு. கூப்மைனர்ஸையும் டக்ளஸ் லூயிஸையும் ஏறத்தாழ 100 மில்லியன் யூரோ கொடுத்து வாங்கி வந்தார்கள். லூயிஸ் தொடக்க அணியில் நின்ற ஆட்டங்களைக் கை விரலில் எண்ணிவிடலாம். நல்ல விளைச்சலை விற்றுவிட்டுக் கடையில் அரிசி வாங்கிய கதை இது. மற்ற கழகங்களோ அந்த வயலைக்கூட உழவில்லை. ஐந்து வருடம் யுவென்டஸ் தனியாகவே இருந்தது. 2023-இல் அடலாண்டா, 2024-இல் மிலான், இப்போது இன்டர். மிலானின் இரண்டாம் அணி முதல் வருடமே சீரி டி-க்கு விழுந்துவிட்டது. விழுந்ததற்காகக் கைவிட்டுவிடாதீர்கள் என்று மிலானை மன்றாடிக் கேட்கிறேன்.

நீங்கள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். மூன்று தோல்வி வந்தால் பயிற்சியாளர் வேலை போகிறது, தரமிறங்கினால் பல மில்லியன் போகிறது, அந்த நெருக்கடியில் 18 வயதுப் பையனை நடுவில் நிறுத்த யாருக்கு மனம் வரும் என்பீர்கள். நியாயமான பயம். பயிற்சியாளர் தனியாக அந்தப் பாரத்தைச் சுமக்கிறார் என்பதால்தான் மடலை அவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். நடுக்களத்தில் பந்தை இழந்தால் அடுத்த பத்து நொடியில் கோல் விழலாம், அதனால்தான் பையன்களை ஓரத்தில் ஆட விடுகிறீர்கள், நடுவில் விடுவதில்லை. ஆனால் நடுவில் பந்தை இழந்து பார்க்காமல் யாரும் நடுவில் ஆடக் கற்றதில்லை. 2016-இல் யுவென்டஸுக்கு எதிராக அந்த அற்புதக் கோலை அடித்த 18 வயது லொக்கத்தெல்லியை மிலான் இரண்டே வருடத்தில் சசுவோலோவுக்கு விட்டுக்கொடுத்தது. அங்கே தவறு செய்ய அவனுக்கு இடம் கிடைத்தது, 2021 ஐரோப்பியக் கோப்பையில் ஸ்விட்சர்லாந்துக்கு எதிராக இரண்டு கோல் போட்டுவிட்டு யுவென்டஸுக்குப் போனான்.

விதிகளைக் காரணம் காட்ட வேண்டாம். கழகம் பதிவு செய்யும் 25 பேர் பட்டியலில் 22 வயதுக்குட்பட்டவனுக்கு இடமே தேவையில்லை, எத்தனை பேரை வேண்டுமானாலும் ஆட வைக்கலாம். கழகத்திலேயே வளர்ந்த நால்வர் வேண்டும் என்ற விதியையோ, களத்தில் இறங்கவே இறங்காத மூன்றாவது கோல்கீப்பரைக் காட்டிப் பல கழகங்கள் நிரப்பிவிடுகின்றன. கூட்டமைப்பினரே, அந்த நால்வரில் கோல்கீப்பரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு வரி மாற்றம்தான். 2019-இல் வந்த வரிச்சட்டம், வெளிநாட்டிலிருந்து வரும் வீரரின் வருமானத்தில் பாதிக்கு வரி இல்லை என்றது. உள்ளூர்ப் பையனைவிட வெளியூர் ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது மலிவாகிப்போன அந்த வருடங்களில்தான் இந்தத் தலைமுறை வளர்ந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு அந்தச் சலுகை 2024 முதல் இல்லை. அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி எந்தக் கழகமும் அரசின் கதவைத் தட்ட வேண்டாம்.

பணத்தைப் பற்றி ஒன்று. இளையவர்கள் ஆடும் நிமிடங்களைக் கணக்கிட்டுக் கழகங்களுக்குப் பணம் தரும் வழக்கம் சீரி சி-யில் ஏற்கெனவே இருக்கிறது. மேல்நிலை லீக்குகளிலும் அதன் எடையைக் கூட்டுங்கள். எம்போலி போன்ற ஒரு கழகம் தான் வளர்த்த பிள்ளை மிலானில் ஆடும் ஒவ்வொரு சீசனுக்கும் தொலைக்காட்சிப் பணத்தில் ஒரு பங்கு பெறட்டும். விற்பனை நாளில் மொத்தமாகக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடாதீர்கள். அப்படி ஒரு வரும்படி இருந்திருந்தால் பிர்லோவையும் தொனாலியையும் தந்த கழகம் இப்படிப் போயிருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

கத்தூசோ அவர்களுக்கும் ஒரு வரி. நீங்கள் 19 வயதில் வீட்டை விட்டு கிளாஸ்கோ போனவர். பெருஜாவில் நிலையான இடம் கிடைக்காத ஒரு பையனுக்கு வெளிநாட்டில் கிடைத்த நிமிடங்கள் என்ன செய்யும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? கிளப் அணியில் பெஞ்சில் இருப்பவனைத் தேசிய அணிக்கு அழைக்கத் தயங்காதீர்கள்.

ஆகஸ்டில் சீசன் தொடங்குகிறது. போன முறை செய்தது போலவே முதல் வாரம் பத்து ஆட்டங்களின் அணிப் பட்டியலையும் ஒரு நோட்டில் எழுதப் போகிறேன். நடுக்களத்தில் தொடக்கத்திலேயே இறங்கும் 21 வயதுக்குட்பட்ட இத்தாலியர்களின் பெயருக்கு மட்டும் கீழே கோடு போடுவேன். நண்பனிடம் அந்தப் பக்கத்தைக் காட்டிவிட்டு, பிறகு உங்களுக்கு மீண்டும் எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் லீக்கை இரவு விழித்துப் பார்க்கும் ஒரு ரசிகன்